ஏழாவது நிமிடம்

பேய் என்று யாராவது வாயெடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: இது நடந்தது. பட்டப்பகலில், பத்திரிகை ஆபீசில், என் மேசையில்.

பதினாறு வருடமாக இசைப் பக்கம் பார்க்கிறேன். 'என்னைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்' என்று தினமும் பத்துப் பேராவது பாட்டை அனுப்புவார்கள். அத்தனை பேரும் மேதைகள்! அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அரை நிமிடம் கேட்பதே அதிகம். அப்புறம் டிராயர்தான்.

ஒரு திங்கட்கிழமை கவர் ஒன்று வந்தது. உள்ளே பென்டிரைவ், ஒரு சீட்டு. 'புதுப் பாடகி. இன்றைக்கே கேட்டுவிடுங்கள். தயவுசெய்து கடைசிவரை.' அடியில் விலாசம்.

கெடு வேறு வைக்கிறாள், மகாராணி! அரை நிமிடம் கேட்டேன். சுமாரான குரல். டிராயரில் வீசினேன்.

புதன்கிழமை. மதியம் 3.40. மேசை போன் அடித்தது.

"சார், திங்கக்கிழமை பாட்டு அனுப்பினேனே... கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. பிரமாதம்." எல்லாரிடமும் சொல்கிற பொய்தான்.

"கடைசி வரைக்குமா?"

"முழுசா."

அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்... லைன் கட்டானது.

வியாழக்கிழமை. அதே 3.40. அதே குரல்.

"முழுசா கேட்டீங்கன்னா... ஏன் சார் யாரையும் அனுப்பல?"

"யாரை அனுப்பணும்?"

டொக்... டொக்...

டிராயரைத் திறந்தேன். காகிதங்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. பென்டிரைவ் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

துடைத்துச் செருகினேன். பாட்டு ஓடியது. ஐந்து நிமிடம்... ஆறு...

ஏழாவது நிமிடத்தில் பாட்டு நின்றது.

கிசுகிசுப்பு.

"சார், அண்ணன் என்னை ரூம்ல பூட்டி வெச்சிருக்கான். பாட்டுன்னா வெளிய அனுப்ப விடுவான். அவன் அரை நிமிஷம்தான் கேப்பான். செவ்வாய்க்கிழமை என்னை எங்கயோ கூட்டிட்டுப் போறானாம். உயிரோட திரும்ப மாட்டேன். போலீசை அனுப்புங்க சார்..."

பக்கத்து மேசை கிரைம் நிருபரிடம் சீட்டை நீட்டினேன்.

"இந்த வீடா? முந்தாநாள் இங்கதான்டா தண்ணித் தொட்டியில ஒரு பொண்ணைப் பொணமா எடுத்தாங்க. நேத்து பேப்பர்ல நான்தானே எழுதினேன்."

"இப்போதான்டா... அவ பேசினா."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"பாவம்டா அது. ரூம்ல ஒரு பேப்பர் துண்டு ஒட்டி வெச்சிருந்துச்சு. உன் பேட்டி. 'எனக்கு வர்ற எந்தப் பாட்டையும் கடைசிவரை கேக்காம விட்டதில்ல'ன்னு சொன்னியே... அந்த வரிக்குக் கீழ கோடு போட்டிருந்தா."