பால் பொங்க விடாத வீடு

நல்லூரில் என் மகன் கட்டிய புது வீட்டுக்குச் சாவி கிடையாது. முகத்தைப் பார்த்துக் கதவு தானே திறக்கும். நான் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தால் மட்டும் யாரோ என்று நினைத்து மூடியே கிடக்கும். மொட்டை மாடி முழுக்க வெயிலில் கரண்ட் எடுக்கும் பலகைகள். பனியன் கம்பெனி நடத்துகிறவன் வீட்டில் ஒரு பனியன் காயப்போட இடமில்லை. நான் சொன்ன பிறகுதான் அது அவனுக்கே தெரிந்தது. பெட்ரோல் போடாத கார் ஒன்றும் வாங்கியிருந்தான். வாசலோரம் வாட்ச்மேன் குடும்பம் இருந்த தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் காருக்குக் கரண்ட் ஏற்றுவதாக ஏற்பாடு. பால் காய்ச்சும் நாள் மத்தியானமே பிரிக்க ஆள் சொல்லியிருந்தான்.

"இனி வரப்போற வீடெல்லாம் இப்படித்தானுங்கம்மா. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்றான்.

"அப்ப நாம எதுக்குக் கண்ணு குடி போறது? அதையே இருந்துக்கச் சொல்லு" என்றேன்.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு நல்ல நேரம் ஏழரை வரைக்கும். அதற்குள் பால் பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் எங்கள் பக்கத்தில் குடி புகுந்ததாக அர்த்தம். அவிநாசியிலிருந்து வந்த பங்காளி வீட்டுப் பெண்கள் சமையலறையில் நெருக்கியடித்து நின்றார்கள். மூத்தவள் என்பதால் பானையை நான்தான் ஏற்ற வேண்டும்.

என் பித்தளைப் பானையை அந்த இண்டக்ஷன் அடுப்பு ஏற்றுக்கொள்ளவில்லை. எவர்சில்வர் பாத்திரம் வந்தது. பால் சூடாகி, நுரை கட்டி, விளிம்பு வரை வந்தது. எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். 'டிங்' என்று ஒரு சத்தம். அடுப்பு அணைந்தது. பால் பவ்யமாகக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுபடி வைத்தோம். மறுபடி 'டிங்'.

வீட்டைக் கட்டிக்கொடுத்த கோயமுத்தூர் இன்ஜினியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "பால் பொங்கினா வேஸ்ட்டுங்கம்மா. அடுப்பும் அழுக்காயிரும். அதான் பொங்கறதுக்கு முன்னாடியே நிறுத்திக்குது. சேப்டி."

"பொங்கறதுக்குத்தானுங்க வெச்சிருக்குது" என்றேன்.

"அதை ஆஃப் பண்ணோணும்னா அடுப்புக் கம்பெனியில சொல்லோணுங்க. அவுங்க ஆபீஸ் பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க."

மணி ஏழு தாண்டியிருந்தது. மகனுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. ஆயிரம் பேருக்கு வேலை சொல்கிறவன், ஒரு படி பாலுக்கு முன்னால் கைகட்டி நின்றான்.

"மூணு செங்கல்லு கொண்டாங்க, இங்கயே வெறகு மூட்டிக்கலாம்" என்றேன்.

"அய்யோ அத்தை! பொகை பட்டா மேல இருந்து தண்ணி ஊத்துமுங்க" என்று மருமகள் கூரையைக் காட்டினாள். நிமிர்ந்து பார்த்தேன். குழாய்கள் தயாராகத்தான் இருந்தன.

நான் பித்தளைப் பானையில் பாலை ஊற்றி எடுத்துக்கொண்டு நேரே தகரக் கொட்டகைக்கு நடந்தேன். பட்டுப்புடவைக் கூட்டம் பின்னால் வந்தது. வாட்ச்மேன் சம்சாரம், தெற்கத்திப் பெண், இட்லிக் குண்டானை இறக்கிவிட்டு, "வைங்கம்மா, அடுப்பு நல்லா எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். ஐந்து நிமிடம். பால் நாலு பக்கமும் வழிந்து விறகில் சீறியது. அவள் போட்ட குலவையில் என் காது அடைத்துவிட்டது.

மத்தியானம் கொட்டகை பிரிக்க ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். நான் அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பால் பொங்கின ஊட்டை அன்னைக்கே பிரிப்பாங்களா சாமி?"

"அம்மா, அது ஊடு இல்லீங்க, கொட்டாய்" என்றான் மகன்.

"பால் பொங்கின எடந்தான் ஊடு. அந்தா நிக்குதே, அதுல இன்னும் ஆரும் குடி போகலை."

அவிநாசிப் பெண்கள் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். இன்ஜினியர் மெதுவாகத் தன் பையை எடுத்துக்கொண்டார். மகன் என்னைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான், கடப்பாரைக்காரர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டான்.

கார் இப்போது தெருவில் வெயிலில் நிற்கிறது. சமையலறை ஜன்னல் வழியாக நீளமாக ஒயர் இழுத்து அதற்குக் கரண்ட் ஏற்றுகிறார்கள். அந்த ஜன்னலை மூட முடியாததால், உள்ளே யாரும் இல்லாதபோதுகூட வீடு சுவரிலிருக்கும் ஸ்பீக்கரில் கொசுவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. காலையில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு நான் கொட்டகையில்தான் காப்பி குடிக்கிறேன்.