சோறில்லாத பஞ்சிர்

பினாங்கு சூலியா தெருவில் சபூராவின் சோற்றுக் கடையில் தட்டில் மிச்சம் வைத்துப் பாருங்கள், தெரியும் சேதி. "எலும்பக் கடிக்கப் பல்லு இல்லையா?" என்று கல்லாவிலிருந்தே சத்தம் வரும். ஏழெட்டுக் குழம்பைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுவாள். பஞ்சிர் என்போம் அதை, மலாயில் வெள்ளம் என்று அர்த்தம். ஆனால் வெறும் குழம்பு கேட்டால் தொலைந்தோம். போன வருஷம் வீட்டுக்குக் கொஞ்சம் கேட்டேன். "ராயப்பண்ணே, சோறு வாங்காதவங்களுக்குக் குழம்பு கிடையாது. இது கடை லா, ஓசிச் சோறு போடுற கந்தூரி இல்ல!" அதோடு கேட்பதையே விட்டுவிட்டேன்.

அப்பேர்ப்பட்டவளை மடக்கியது அவளுடைய ஒன்பது வயது மகள் ஹன்னா. சுங்கை பினாங்கில் அவர்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், இரவல் மின்ஸ்கூட்டரில் பறந்து தூணில் மோதினாள். கீழ்த்தாடையில் இரண்டு முறிவு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மூன்று வாரம் ஸ்ட்ரா வழியாக நீர் ஆகாரம்தான். "இருபது கிலோவுக்குக் கீழ இறங்கினா மூக்கு வழியா குழாய் போடணும்," என்றார் டாக்டர். இருந்ததே இருபத்திரண்டு.

பள்ளிக்குப் போகாமல் கடையிலேயே கிடந்த பிள்ளை பாலையும் தொடவில்லை, கஞ்சியையும் தொடவில்லை. ஆர்டர் எழுதும் துண்டுச் சீட்டுகளில் 'வேணாம்', 'வேணாம்' என்று எழுதித் தள்ளினாள். வாயே திறக்காதவளிடம் சபூரா என்னவென்று சண்டை போடுவாள்? ஐந்தாம் நாள் எடை இருபதரை. "பயமா இருக்குண்ணே," என்று என் மேசையில் உட்கார்ந்து அழுதாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

ஹன்னா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சிரில் வளர்ந்த நாக்கு அல்லவா! ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள்: 'பஞ்சிர். சோறு வேணாம்.'

சபூரா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு சபூரா எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். கோழியை அரைத்துக் கலந்து, காரம் குறைத்து, மூன்று முறை வடிகட்டிக் கொண்டுவந்தாள். ஹன்னா உறிஞ்சிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். சொட்டு மிச்சமில்லை. சபூரா மறுபடியும் அழுதாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

கம்பி கழற்றிய அன்று எடை இருபத்து மூன்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தார்கள். பிள்ளை என்ன பேசப்போகிறாள் என்று கடையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

ஹன்னா தாடையை மெல்ல அசைத்தாள். "உம்மா, ராயப்பன் அங்கிளுக்கும் வெறும் குழம்பு குடுங்க."

சபூரா பொட்டலம் கட்டி வந்து என் முன்னால் தொப்பென்று வைத்தாள். "ஒரு தடவைதாண்ணே. நாளைக்கும் கேட்டீங்க, ஒங்க தாடைக்கும் கம்பிதான்!"