ஒரே ஒரு காலித் தட்டு

என் நாத்தனார் ஸெனோபியாவுக்கு நயமாகப் பேச வராது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு, ரயில் நிலையத்தை ஒட்டிய கதகதப்பு அறையைக் கவனிக்கப் போய்விட்டாள். குளிர்காலத்தில் வீடில்லாதவர்கள் வந்து படுக்கும் இடம்; நகராட்சிப் பணத்தில் ஓடியது. வருபவர்களின் காலுறைகளைக்கூடத் துவைத்துக் காயப்போடுவாள். "உங்களுக்கு வேற பொழப்பே இல்லையாக்கா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

இந்த வருடம் நகரமன்றம் அந்தப் பணத்தை நிறுத்திவிட்டது. சதுக்கத்துக்கு விளக்கு அலங்காரம் வேண்டுமாம். அதற்குக் கை தூக்கிய உறுப்பினர்களில் அவளுடைய தம்பியும் ஒருவர். அவர்தான் என் கணவர் ராதோஸ்வாஃப். அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, முதல் நட்சத்திரம் தெரிந்ததும் நானும் அவரும் சாப்பிட உட்கார்ந்தோம். எதிர்பாராத விருந்தாளிக்கென்று, எங்கள் நாட்டு வழக்கப்படி, எல்லா வீட்டிலும் போல எங்கள் மேசையிலும் ஒரு காலித் தட்டு இருந்தது. அதில் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்போது கதவு தட்டும் சத்தம். வாசலில் அக்கா; பக்கத்தில் கால்விரல்கள் விறைத்து நொண்டிக்கொண்டு ஒருவர்.

"இவரு லுட்விக். ஓடு பதிக்கிறவரு. தட்டு காலியாத்தானே இருக்கு?" என்றாள். "என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மீனை இந்தப் பக்கம் தள்ளு."

என் கணவருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் மறுக்கவில்லை. லுட்விக் பீட்ரூட் சூப்பும் மீனும் சாப்பிட்டார். சாப்பாடு முடியப்போகும் நேரத்தில் என் கணவர் உண்மையான அக்கறையோடு சொன்னார்: "குளிர் ஏறுதுங்க. நேரா ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற கதகதப்பு அறைக்குப் போயிடுங்க. அப்புறம் இடம் கிடைக்காது."

லுட்விக் கரண்டியைக் கீழே வைத்தார். "அதை மூடிட்டாங்களே, ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார். கல்மனசு என்றாலாவது சண்டை போட்டிருப்பேன். இத்தனை பேரைத் தெருவில் தள்ளக் கையைத் தூக்கிவிட்டு, அது நினைவில்கூட இல்லாத ஆளோடா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினேன்?

"அப்ப... இவரு இங்கயே சோபால படுக்கட்டும்," என்றார் கம்மிய குரலில். "போதுமாக்கா?"

நான் கம்பளி எடுக்க எழுந்தேன். அக்கா போய் வாசல் கதவை அகலத் திறந்தாள். மாடிப்படி நெடுக, கீழ்த்தளம் வரைக்கும், மூட்டைகளோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"தட்டு ஒண்ணுதானேடா வெச்சிருந்த," என்றாள். "அதான் ஒருத்தரை மட்டும் உள்ள கூட்டிட்டு வந்தேன்."