தேடல் பெட்டி முந்திக்கொண்டது

கணினித் திரையின் மூலையில் ஒரே ஒரு தேடல் பெட்டி. ஒரு சொல்லை அடித்தால் கோப்பு, மின்னஞ்சல், படம், இணையம் எல்லாம் சேர்ந்து வரும். அதை வடிவமைத்தவன் அவன்தான். பெட்டியைத் தொட்டதுமே முன்பு தேடியவையும் தெரியவேண்டும் என்பது அவன் பிடிவாதம்.

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல நாலு பேர் உக்காருவாங்களே," என்று கூட வேலை செய்தவள் தயங்கினாள்.

"அடிச்சதையே திரும்ப அடிக்கணுமா?" என்று அவன் சிரித்து மழுப்பிவிட்டான்.

தன் வீட்டுக் கணினியிலும் அதைப் போட்டுவைத்தான். கணவனோடு மனத்தாங்கலில் இருந்த தங்கை மகளோடு வந்து சில நாள் தங்கிவிட்டுப் போனாள். பிறகு ஏதோ போட்டோ தேட உட்கார்ந்த அம்மா பெட்டியைத் தொட்டதும், "விவாகரத்து வக்கீல்" என்று வந்தது. பதறிப்போன அம்மா மாப்பிள்ளைக்கே போன் போட்டுவிட்டாள். அன்று மாலையே அவர் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார். பள்ளியிலிருந்து மகளை அழைத்து வந்த தங்கை உள்ளே போக முடியாமல், மகளோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நானே பக்குவமா சொல்லலாம்னு இருந்தேண்ணா. அதுக்குள்ள உன் பெட்டி முந்திக்கிச்சு," என்றாள்.



அலுவலகத்தில் மல்லுக்கட்டி, அடுத்த பதிப்பில் அந்த வசதியை எடுக்கவைத்தான். தங்கை தனியாக வீடு பார்த்துக்கொண்டாள். அவன் போன் செய்தால் இப்போதும் எடுக்கிறாள். எடுத்ததும் மகளிடம் கொடுத்துவிடுகிறாள்.