வெந்நீர் காட்டிய விதை

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் கீதாவின் பால்கனியில், அவரைப் பூ மாதிரியே இருக்கும் ஸ்வீட் பீ கொடி பூத்திருந்தது. குனிந்து முகர்ந்ததும், நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த அவரைப் பந்தலுக்கே போய்விட்டேன். மார்கழிப் பனியில் நனைந்த ஊதாப் பூக்கள், வண்டுகளின் இரைச்சல், மூங்கில் காலில் இறுகிய கயிறு, கிணற்றடித் தண்ணீர் வேரடியில் பாயும் சத்தம்.

தெருவில் வேறு எந்த அவரைப் பூவுக்கும் அந்த மணம் கிடையாது. விதை வெளியே போனால் நம் கொடி காய்க்காது என்று அம்மா நம்பினாள். இல்லை என்று சொல்லவும் அவளுக்கு வாய் வராது. அதனால் ஆடி மாதம் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா கேட்கும்போதெல்லாம், முளை செத்துப்போக விதையை வெந்நீரில் போட்டெடுத்து, உலர்த்தி, என்னிடம் கொடுத்தனுப்புவாள்.

"எங்க மண்ணுதான் சரியில்ல போலருக்கு, முளைக்கவே மாட்டேங்குது. உங்கம்மாவுக்குக் கைராசி, பாப்பா" என்று மல்லிகா அக்கா முறுக்கு தருவார். எல்லாம் தெரிந்தே நான் அதைத் தின்றுகொண்டு வருவேன்.

ஒரு மழையில் பந்தல் சாய்ந்தது, பானையிலிருந்த விதையும் பூஞ்சை பிடித்தது. பிறகு வீட்டையும் விற்றோம். நல்ல விதையாகக் கொடுத்திருந்தால் அந்த அவரை மிஞ்சியிருக்கக்கூடிய ஒரே இடம் மல்லிகா அக்காவின் வேலிதான்.

"இந்தா, விதை. நாலு பேர்கிட்ட இருந்தாதான் என்னோடது செத்தாலும் திரும்பக் கிடைக்கும்" என்று கீதா என் உள்ளங்கையில் கொட்டினாள்.

கையை மூட முடியாமல் நின்றேன்.