அடுத்தவர் தூண்டில்

கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை உருவி, யாரோ ஒருவரின் தூண்டில் கோலை டெய்லர் மாஸ்டர் அளந்துகொண்டிருந்தால், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். கடலுக்குள் நீளும் கருங்கல் தடுப்புச் சுவருக்கு மற்றவர்கள் மீன் பிடிக்க வருவார்கள். இவர் கோல் பார்க்க வருவார். நுனியை வளைப்பார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் நோக்குவார். அப்புறம் மெல்லக் கேட்பார்: "ஒரே ஒரு தடவை வீசிப் பாக்கட்டுமா?"

அந்த ஒரு தடவையில்தான் வினை. அடுத்தவர் கோல் மாஸ்டர் கையில் அபாரமாக வேலை செய்யும். ஈயக்குண்டு எங்கோ போய் விழும். உடனே தன் கோலைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்வார். அடுத்த வாரம் அதே கோல் படுத்துவிடும். குண்டு காலடிப் பாறையில் டொக்கென்று விழும். "கட்டைன்னு தெரியாம வாங்கிட்டேன்" என்று அதையும் தள்ளிவிடுவார்.

இந்தக் கிறுக்கு இவருக்கு மட்டும் இல்லை, அந்தச் சுவரில் நிற்கிற எல்லோருக்கும் உண்டு. காரணம் கேட்டால் மாஸ்டரே சொல்வார்: "மீன் வரலன்னா கடலைத் திட்ட முடியுமா? நம்ம கையைத் திட்டத்தான் மனசு வருமா? கோல்தான் பாவம், வாயில்லாப் பூச்சி." கடைக்கு வந்து "சட்டை சுருங்கிப்போச்சு மாஸ்டர்" என்கிறவரிடம், "சட்டை சுருங்கல சார், தொப்பைதான் வளந்திருக்கு" என்பவரும் இவரேதான். சொல்லிவிட்டு, மூலையில் சாத்திய கோல்களின் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்ப்பார்.

எதையும் மாற்றாத ஒரே ஆள் அவர் மனைவி. கடையில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. இவர் என்றோ வேண்டாமென்று ஒதுக்கிய குட்டைக் கோல் ஒன்றை எடுத்து, பிடியில் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி வைத்துக்கொண்டாள். வாரமெல்லாம் குனிந்தே கிடப்பவள் நிமிர்ந்து நிற்பது, ஞாயிற்றுக்கிழமை சுவரில் அதைப் பிடிக்கும்போதுதான்.

அவள் காய்ச்சலில் படுத்த ஒரு ஞாயிறு, மாஸ்டரின் புத்தி புல் மேயப் போய்விட்டது. குழாய் ரிப்பேர்காரர் புதிதாக ஒரு கறுப்புக் கோல் கொண்டுவந்திருந்தார். மாற்றிக்கொள்ள மாஸ்டர் காட்டிய எந்தக் கோலும் அவருக்குப் பிடிக்கவில்லை. "உங்க வீட்டம்மா கோலைக் குடுங்க, தரேன்." மாஸ்டர் கடைக்கு ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேவிட்டார்.

அவள் சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள், அவ்வளவுதான். காய்ச்சல் விட்ட பிறகும் கடல் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் குனிந்து காஜா எடுத்தாள். அதைப் பார்த்தபோதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. ஊரார் துணியில் அரை அங்குலம் குறைப்பதற்குக்கூட ஒரு வார்த்தை கேட்கிறவர், கட்டினவளிடம் கேட்கவில்லை.

"என்னை மாதிரி வடிகட்டின முட்டாள் இந்தச் சுவத்துலயே கிடையாதுங்க" என்று குழாய்க்காரரிடம் போய் நின்றார். அவர் அதை மறுக்கவில்லை. "ஆனா மாத்தினது மாத்தினதுதான் மாஸ்டர்" என்றார். கறுப்புக் கோலோடு கடை மூலையில் இருந்த அத்தனையையும் அள்ளிக் கொடுத்த பிறகுதான் குட்டைக் கோல் திரும்பி வந்தது.

இப்போது இருவருக்கும் அந்த ஒரே கோல். அவள் வீசுவாள், இவர் இரை கோத்துக் கொடுப்பார். போன ஞாயிறு அவளாகவே கோலை நீட்டினாள். "ஒரு தடவை வீசுங்க. பாத்து, இது என்னுது."

பயந்து பயந்து, தூங்குகிற குழந்தையைக் கைமாற்றுவதுபோல வீசினார். குண்டு அலைகளைத் தாண்டி, அவர் வாழ்நாளில் எட்டாத தூரத்தில் போய் விழுந்தது.

"அடுத்தவங்க பொருள்னா பதமா வீசுறீங்க" என்றாள் அவள். "உங்களுதுன்னா பேயோட்டுற மாதிரி வீசுறீங்க."

"இத்தன வருஷமா கோலை மாத்தினேனே, கையை மாத்தத் தோணலியே" என்று சிரித்தபடி, கோலை அவளிடமே கொடுத்தார். கழுத்து நாடாவை உருவினார். பழையபடி ஆரம்பித்துவிட்டாரே என்று அவள் சட்டென்று கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அது வேணாம். கையை நீட்டு. மாத்துறதுன்னா இனி கையைத்தான்" என்றார்.

அவள் தோளில் நாடாவின் நுனியை வைத்து, மணிக்கட்டு வரை இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அளக்கத் தொடங்கினார்.