கொப்பியில் நான் எழுதாமல் விட்ட வரி

சண்டை மறுபடியும் தொடங்கி சில மாதங்கள் ஆகியிருந்தன. நாங்கள் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் நாவற்குடாவில் இருந்தோம். மேசன் வேலைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து என் கணவருக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவருக்கு நிம்மதி இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் உன்னிச்சையில், அவருடைய ஒரே தம்பி வயல் செய்துகொண்டிருந்தான். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மனிதர் தவித்துப் போவார். செய்தி தொடங்கினால் டிவிக்கு முன்னால் நின்று வாசிப்பவரின் வாயையே பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் கையால் எதையாவது காட்டுவேன். அவருக்கு விளங்காது, எனக்குக் கோபம் வரும்.

அந்த டிவி சவூதியில் வீட்டு வேலை செய்த என் தங்கை அனுப்பியது. ஒருநாள் அவள் போனில் சொன்னாள்: "அக்கா, இஞ்ச பெரியவருக்கும் காது கேக்காது. ரிமோட்ல ஒரு பொத்தான அமத்தினா பேசுறதெல்லாம் கீழ எழுத்தா வருது. உங்கட டிவியிலயும் இருக்கும், பாருங்க."

எனக்கு ஒன்றைக் கேள்விப்பட்டால் அதைச் செய்து முடிக்கும்வரை இருப்புக் கொள்ளாது. சோறு அடுப்பில் கருக, நான் ரிமோட்டோடு நின்றேன். ஒரு பொத்தானுக்குப் படம் பச்சையாகப் போனது. இன்னொன்றுக்கு எழுத்து வந்தது, ஆனால் எல்லாம் அரபி. அதை மாற்றவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நானும் அவருமாக டிவியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனோம். டிவி திருத்துபவர் அரபியை ஒரு நிமிடத்தில் போக்கினார். தமிழ் எழுத்து வரவேண்டும் என்றதும் சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, எழுத்து டிவிக்குள்ள இருந்து வாறல்ல. நிலையத்தில எழுதி அனுப்பினாத்தான் வரும். நம்மட செய்திக்கு ஆரும் எழுதி அனுப்புறல்ல."

அப்படியானால் நானே எழுதுகிறேன் என்று எனக்கு ஒரு வீம்பு. அன்று மாலையே மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியோடும் பேனையோடும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசிப்பவர் ஓட ஓட என் கை பின்னால் இழுபட்டது. பாதிச் சொல், கோணல் எழுத்து. ஆனாலும் அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். அந்தச் சில வாரங்கள் வீட்டில் கொஞ்சம் அமைதி இருந்தது.

ஒரு மாலை செய்தியில் உன்னிச்சைப் பக்கம் ஷெல் விழுகிறது, சனங்கள் வெளியேறுகிறார்கள், படுவான்கரைக்குப் போகும் வீதி மூடப்பட்டுவிட்டது என்றார்கள். என் பேனை நின்றுவிட்டது. இதை வாசித்தால் மனிதர் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார். காலையில் மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு, "படுவான்கரையில மழை குறையும். விளைச்சல் நல்லம்" என்று எழுதினேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கப்படுகிறேன்.

விடிந்ததும் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினேன். சைக்கிளைக் காணவில்லை. கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. என் வரிக்குக் கீழே அவருடைய எழுத்து: "தம்பியப் பாத்துட்டு வாறன்."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வழியில் ஓர் ஆட்டோவை மறித்து ஏறினேன். வாவியைக் கடக்கும் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், வழக்கமாக இல்லாத இடத்தில் இராணுவம் வீதியை மறித்திருந்தது. ஓரத்தில் அவர் முழங்கால் கிழிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு சைக்கிள்கள் விழுந்து கிடந்தன. மீன் பெட்டி கவிழ்ந்து மீனெல்லாம் மண்ணில். மீன்காரர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிக்கச் சொல்லிக் கத்துறாங்க, இவர் பாட்டுக்குப் போறார். சுடுறதுக்குத் துவக்க நீட்டிட்டாங்க. காது கேளாத மனிசன் எண்டு விளங்கிச்சு. மறுகா என்ன செய்யிற, என்ட சைக்கிளக் கொண்டு மோதி விழுத்திட்டன்" என்றார். நான் அழுதுகொண்டே மீனைப் பொறுக்கினேன். அந்த மீன்காரரின் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கொப்பியை என் முன்னால் வைத்தார்.

"நேத்துச் செய்தியில ரோட்டப் பத்திச் சொன்னவங்களா?"

"ஓம்" என்று எழுதினேன். மீதியையும் எழுதினேன். அவர் அதை விரல் வைத்து வாசித்து முடித்தார்.

"பயப்படுறது என்ட வேலை, புள்ள. நீ எழுது."

அதன்பின் ஒரு வரியும் விடவில்லை. தம்பி ஊர்ச்சனங்களோடு ஒரு பாடசாலையில் வந்து தங்கிய செய்தி கிடைக்கும்வரை ஐந்து நாட்கள், கை வலிக்க வலிக்க எல்லாவற்றையும் எழுதினேன். அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நானும்தான்.

இன்று மகள் வாங்கித் தந்த போனில், டிவி செய்தியில் பேசுவதெல்லாம் எழுத்தாக வருகிறது. அவர் வாசிக்கிறார், வாசித்து முடித்ததும் போனை என் பக்கம் திருப்பி, எல்லாம் வந்துவிட்டதா என்று என் முகத்தைப் பார்க்கிறார்; ஒருநாள் அவரைச் சாவுக்கு அனுப்பவிருந்த என்னிடமே இன்றும் அதைக் கேட்கிறாரே என்று, ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து கவனமாகப் படித்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.